படைக்கொட்டிலும் கஞ்சித்தொட்டியும்



போரும் பொருளாதாரமும் என்று தலைப்புக் கொடுத்தார்கள். கல்லூரியில் பொருளியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். அந்தத் தலைப்பில் எந்த ஊரிலும் பேசலாம். காஞ்சிபுரத்தில் பேசும்போது இந்த ஊரின் கணக்கை எடுத்துப் பேசுவதுதான் முறை என்று எனக்குப் பட்டது. போருக்கு ஆன செலவை யார் கொடுத்தார்கள் என்பதற்கு ஆயிரத்து நானூறு ஆண்டுக்கு ரசீது வைத்திருக்கிற ஊர் இது.

முதல் ரசீது இன்னும் பழையது. தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சிக்காக ஔவையார் இந்த ஊருக்குத் தூது வந்தார். தொண்டைமான் அவரைத் தன் படைக்கொட்டிலுக்கு அழைத்துப் போய்க் காட்டினான். புறநானூற்றின் 95ஆம் பாட்டு அது. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருக்கிறோம். இங்கே இருக்கும் ஆயுதங்கள் மயிற்பீலி சூடி, மாலை போட்டு, நெய் பூசி, காவலுள்ள மாளிகையில் பத்திரமாக இருக்கின்றன. எங்கள் மன்னனுடையவை குத்திக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று ஔவை சொல்கிறார். புகழ்வது போல இகழ்ந்தார் என்று வாத்தியார் அணிக்குப் பெயர் சொல்லுவார், நாமும் எழுதி மதிப்பெண் வாங்குவோம்.

அந்தப் பாட்டு அங்கே முடியவில்லை. கடைசி அடிகளில்தான் அதியமான் யார் என்று ஔவை சொல்கிறார். இருந்தால் பிறருக்குச் சோறு கொடுப்பவன், இல்லாவிட்டால் இருப்பதை அவர்களோடு சேர்ந்து உண்பவன், இல்லாதவர்களின் சுற்றத்துக்குத் தலைவன். படைக்கொட்டிலுக்குள் நின்றுகொண்டு ஒரு பெண் அரசனை அளக்கும் அளவுகோல் இது. நம் வகுப்பறைகள் ஆயுதத்தை வைத்துக்கொண்டு சோற்றை விட்டுவிட்டன. இந்தப் பாட்டை நடத்தியவர்கள் மேல் எனக்கு உள்ள ஒரே மனக்குறை அதுதான்.

இதே காஞ்சிக்கு இன்னொரு பெண்ணும் வந்தாள். மணிமேகலை. அவள் வந்தபோது இங்கே மழை பொய்த்துப் பஞ்சம். புகாரில் சோழனிடம் சொல்லிச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டம் ஆக்கியவள், இங்கே அமுதசுரபியைப் பீடத்தில் வைத்து, பசித்த உயிர் எல்லாவற்றையும் கூப்பிட்டுச் சோறிட்டாள். படைக்கொட்டிலும் பாத்திரமும் ஒரே ஊரின் கதையில் வருகின்றன. இந்த இரண்டில் எதற்கு எவ்வளவு என்பதுதான் இன்று வரை நாடாளுமன்றங்களில் நடக்கிற வரவு செலவு விவாதம்.

இடையில் வந்த நூற்றாண்டுகளைச் சீக்கிரம் கடந்து போகிறேன். பல்லவரும் சாளுக்கியரும் மாறி மாறி ஒருவர் தலைநகரை ஒருவர் பிடித்தார்கள். நரசிம்மவர்மன் 642இல் வாதாபியை வென்றான். நூறாண்டு கழித்து இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியை வென்றான். கைலாசநாதர் கோயில் தூண் ஒன்றில் கன்னடத்தில் அவன் கல்வெட்டு இருக்கிறது. இராசசிம்மேச்சரம் என்ற அந்தக் கோயிலின் செல்வத்தைப் பார்த்து, அதை எடுத்துக்கொள்ளாமல் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்ததாகச் சொல்கிறது. மாணவர்களை அங்கே அழைத்துப் போகும்போதெல்லாம் சொல்வேன்: வென்றவன் கொள்ளையடிக்காமல் போனான் என்பது கல்லில் வெட்டி வைக்கும் அளவுக்கு அபூர்வமாக இருந்திருக்கிறது, பாருங்கள். வழக்கம் வேறு. அந்த வழக்கத்துக்குப் பயந்துதான் 1688இல் வரதராசப் பெருமாளையே உடையார்பாளையத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெருமாள் திரும்பி வர 1710 ஆயிற்று. இருபத்திரண்டு ஆண்டு. சாமிக்குப் போக இடம் இருந்தது. அந்த இருபத்திரண்டு ஆண்டும் சின்ன காஞ்சிபுரத்தில் நெய்துகொண்டும் விற்றுக்கொண்டும் இருந்தவர்கள் எங்கே போயிருப்பார்கள்?

நான் நின்று பேச விரும்பும் இடம் புள்ளலூர். இங்கிருந்து பக்கம்தான். வயலுக்கு நடுவில் இரண்டு நினைவுத்தூண்கள் நிற்கும். 1780 செப்டம்பர் 10ஆம் தேதி அங்கே நடந்த போரில் ஹைதர் அலியின் படையும் திப்புவின் படையும் கர்னல் பெய்லியின் படையை முறியடித்தன. ஆங்கிலேயக் கம்பெனிக்கு இந்தியாவில் அதுவரை விழாத அடி. மைசூர் ராக்கெட்டுகள் பாய்ந்தன, பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்தன. ஸ்ரீரங்கப்பட்டணத்து தரியா தௌலத் மாளிகைச் சுவரில் அந்த வெற்றியை முழுநீளத்துக்கு ஓவியமாக எழுதி வைத்திருக்கிறார்கள். பெய்லி விழுந்த அன்று கம்பெனியின் தளபதி ஹெக்டர் மன்ரோ தன் படையோடு எங்கே இருந்தார்? இந்தக் காஞ்சிபுரத்தில். கோயிலைத் தானியக் கிடங்காகவும் மருந்துக் கிடங்காகவும் ஆக்கிக்கொண்டு, பீரங்கிச் சத்தம் காதில் விழும் தூரத்தில் இருந்தார். தோல்விச் செய்தி வந்ததும் கனத்த பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்குப் பின்வாங்கினார்.

புள்ளலூர்த் தூண்கள் மறு ஆண்டு, 1781இல், அதே இடத்தில் நடந்த இன்னொரு போரில் இறந்துபோன இரண்டு ஆங்கில அதிகாரிகளுக்கு. பெய்லி படையில் பெரும்பாலோர் நம்மூர்ச் சிப்பாய்கள். அவர்களுக்குத் தூண் இல்லை. அதைக்கூட விட்டுவிடுகிறேன். அந்தச் சுற்று வட்டாரத்து உழவருக்கும் நெசவாளருக்கும் என்ன ஆனது என்பதுதான் என் கேள்வி.

போருக்கு முந்தைய நிலைக்கு நம்மிடம் கணக்கு இருக்கிறது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் செங்கல்பட்டு ஜாகிர் என்ற கம்பெனி நிலப்பகுதியின் ஊர்களை ஒவ்வொன்றாக அளந்து எழுதினார். களத்தில் நெல் குவிந்ததும், அரசுக்கும் உழவனுக்கும் பிரிப்பதற்கு முன்பே, ஏரிக்கு இவ்வளவு, கோயிலுக்கு இவ்வளவு, தச்சருக்கும் கொல்லருக்கும் வண்ணாருக்கும் காவலுக்கும் இவ்வளவு என்று மரக்கால் மரக்காலாக எடுத்து வைத்திருக்கிறார்கள். வரலாற்றாய்வாளர் தரம்பால் அவர்கள் ஆவணக் காப்பகத்தில் கிடந்த இந்தக் கணக்கை வெளியே கொண்டுவந்தார். அன்றைக்குச் சாதி ஏற்றத்தாழ்வு இல்லை என்றோ, எல்லோரும் வயிறார உண்டார்கள் என்றோ நான் சொல்ல மாட்டேன். ஊர்ப் பொதுச் செலவு என்பதை விளைச்சலின் முதல் பங்காக வைத்தார்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

போர் வந்து அந்த முதல் பங்கை அழித்தது. சென்னையைச் சுற்றிப் பல மைல் தொலைவுக்கு ஊர்கள் எரிந்தன. மாடு போயிற்று, விதை நெல் போயிற்று, பார்க்க ஆளில்லாமல் ஏரிகள் பாழாயின. எரித்ததில் ஹைதர் படைக்குப் பெரும் பங்கு. தின்று தீர்த்ததில் இரண்டு படைக்கும் பங்கு. அடுத்து வந்தது பஞ்சம். சென்னைக்கு நடந்தே வந்து விழுந்தவர்களுக்காக 1782இல் ராயபுரத்துப் பக்கம் ஒரு கஞ்சித்தொட்டி திறந்தார்கள். அதுதான் மணியக்காரர் சத்திரம். பின்னால் அங்கே மருத்துவமும் சேர்ந்து வளர்ந்து இன்று ஸ்டான்லி மருத்துவமனை என்று நிற்கிறது. வடசென்னையின் பழைய ஆட்கள் இன்றும் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். எத்தனை பேர் அந்தப் பெயரைச் சொல்லி ஆட்டோ ஏறுகிறார்கள்! புள்ளலூர்ப் போரின் பில் அந்தப் பெயரில்தான் இருக்கிறது.

ஏரிகள் சீராக மேலும் பத்துப் பதினைந்து ஆண்டு ஆயிற்று. கலெக்டராக வந்த லயோனல் பிளேஸ் ஜாகிரின் ஏரிகளைப் பழுது பார்த்தார். மதுராந்தகம் ஏரி 1798இல் உடையாமல் நின்றதைப் பற்றி ஊரே ஒரு கதை சொல்கிறது. ஏரிகாத்த ராமர் என்று கோயிலுக்குப் பெயரும் நின்றுவிட்டது. வரதராசர் கோயிலுக்கும் பிளேஸ் நகை கொடுத்திருக்கிறார். மன்ரோ பெயரும் பெய்லி பெயரும் நம் ஊர்க் கிழவிகள் யாருக்கும் தெரியாது. பிளேஸ் துரை பெயர் தெரியும். கரை கட்டியவனை ஜனங்கள் மறப்பதில்லை.

இனி என் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

1962இல் எனக்கு எட்டு வயது. அப்பா பிள்ளையார்பாளையத்தில் கூலித்தறி நெய்தார். குழித்தறி, அப்பாவின் கால் இரண்டும் எப்போதும் பள்ளத்துக்குள்தான் இருக்கும். அக்டோபரில் சீனப் படை எல்லையைத் தாண்டியது. தெருமுனையில் கூட்டம் போட்டார்கள். தேசப் பாதுகாப்பு நிதிக்குப் பெண்கள் நகை கழற்றிக் கொடுத்தார்கள். என் அம்மா காதுத் தோட்டைக் கழற்றி மேசைமேல் விரித்திருந்த துணியில் வைத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அம்மா அழவும் இல்லை. வீட்டுக்கு வரும் வழியில் ஒரு வேப்பங்குச்சியை ஒடித்துக் காது ஓட்டையில் செருகிக்கொண்டார். தூர்ந்து போகக்கூடாதே என்று. மறுபடி தோடு வாங்கலாம் என்ற நம்பிக்கையில் வைத்த குச்சி அது.

அந்த ஆண்டு ஜூலையில்தான் இந்த ஊர்ப் பிள்ளை அறிஞர் அண்ணா விலைவாசி உயர்வை எதிர்த்துப் போராடிச் சிறைக்குப் போயிருந்தார். போர் வந்ததும் திராவிட நாடு கோரிக்கையையே ஒதுக்கி வைத்துவிட்டு நாட்டுப் பாதுகாப்புக்குக் குரல் கொடுத்தார். அது சரியான முடிவு என்று அன்றும் இந்தத் தெருவில் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படியே நினைக்கிறேன். ஆனால் சரியான செலவுக்கும் பில் வரும். இரண்டே ஆண்டில் நாட்டின் ராணுவச் செலவு இரு மடங்குக்கு மேல் போயிற்று. 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாடு வந்தது. 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக்கூடாது. நாடு முழுதும் தட்டார்கள் வேலை இழந்தார்கள், சிலர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். 1965இல் பாகிஸ்தானோடு போர். அதே சமயம் மழை பொய்த்தது. ஜான்சன் ஆட்சி அமெரிக்கக் கோதுமையை மாதத்துக்கு மாதம் அளந்துதான் விட்டது. ஐந்தாண்டுத் திட்டமே 1966 முதல் மூன்றாண்டு நின்றது. நாடு திட்டமிடுவதையே நிறுத்தி வைத்தது என்றால் அதன் பொருள் என்ன? பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, அணை எல்லாம் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பதுதான்.

பட்டுப் பாவுக்கு விறைப்பு ஏற அரிசிக் கஞ்சி வேண்டும். நெசவாளர்களுக்குத் தெரியும். 1966இல் எங்கள் வீட்டில் ரேஷன் அரிசியை வடித்த கஞ்சியை அம்மா இரண்டு பாத்திரத்தில் ஊற்றுவார். ஒன்று பாவுக்கு. ஒன்று எங்களுக்கு. பாவுக்கு உள்ளதில் எங்களைக் கை வைக்க விடமாட்டார். இழை அறுந்தால் கூலியில் பிடிப்பார்கள், கூலி குறைந்தால் அடுத்த வாரம் கஞ்சியே இல்லை. என் தங்கை ஒருநாள் பாவுக் கஞ்சியைக் குடித்துவிட்டு அடி வாங்கினாள். அவளுக்கு அப்போது நான்கு வயது. அடித்துவிட்டு அம்மா கூடத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டிருந்தது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

1967 தேர்தலில் அண்ணா ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்றார். வென்று வந்து சென்னையிலும் கோவையிலும் ஒரு படி கொடுத்துப் பார்த்தார். மாநிலம் முழுதும் கொடுக்க கஜானா இடம் தரவில்லை. அண்ணாவைக் குறை சொல்கிறவர்கள் அந்த ஒரு படியைப் பிடித்துக்கொண்டு பேசுவார்கள். எனக்குத் தோன்றுவது வேறு. இரண்டு போரின் பில் வந்து சேர்ந்த வீட்டில் பிறந்த திட்டம் அது. கஞ்சிப் பானையில் கை விட்டுப் பார்த்தால் அடியில் லடாக்கும் கட்சும் இருக்கும்.

போர்ச்செலவை அரசே நம் கண்ணில் படும்படி வைத்தது ஒரே ஒரு முறைதான் எனக்கு நினைவிருக்கிறது. 1971இல் கிழக்கு வங்காளத்திலிருந்து ஏறத்தாழ ஒரு கோடி அகதிகள் வந்தார்கள். அந்த நவம்பரிலிருந்து தபால்களில் வழக்கமான தலையோடு இன்னொரு 5 பைசாத் தலையும் ஒட்ட வேண்டும் என்று வந்தது. முதலில் குடும்பக் கட்டுப்பாட்டுத் தலையின்மேலேயே அகதி நிவாரணம் என்று அச்சடித்துக் கொடுத்தார்கள். நான் அப்போது பி.யூ.சி. முடித்த பையன். தபால் எழுதப் போனால் போஸ்ட் ஆபீஸ் வாசலில் பெரியவர்கள் முணுமுணுப்பார்கள், ஆனால் ஒட்டுவார்கள். எச்சில் தொட்டு ஒட்டும்போது எதற்கு ஒட்டுகிறோம் என்று தெரிந்தது. மற்ற வரிகள் எல்லாம் சீயக்காய்ப் பொடியிலும் மண்ணெண்ணெயிலும் கலந்து நம்மிடமிருந்து போய்விடும். அந்த 5 பைசா மட்டும் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தது.

அப்படி எல்லாச் செலவும் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வரவேண்டும் என்பதுதான் இன்றைக்கு நான் கேட்பது. 2025–26 மத்திய பட்ஜெட்டில் பாதுகாப்புத் துறைக்கு 6,81,210 கோடி ரூபாய். நாளொன்றுக்கு 1,860 கோடிக்குக் கொஞ்சம் மேல். அதே பட்ஜெட்டில் ஜவுளித்துறைக்கு 5,272 கோடி. பஞ்சாலை, விசைத்தறி, கைத்தறி, சணல், பட்டு எல்லாம் அதற்குள் அடக்கம். பாதுகாப்பின் மூன்று நாள் செலவு கூட இல்லை. நாடு முழுவதும் பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவுக்கு 12,500 கோடி. அது ஏழு நாள் செலவுக்குள் அடங்கும். 2023 செப்டம்பர் 15ஆம் தேதி, அண்ணா பிறந்த நாளில், இந்த ஊரில் வைத்துத்தான் மகளிர் உரிமைத் தொகையைத் தொடங்கினார்கள். ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் ஆயிரம். அதற்கு 2024–25இல் மாநில அரசு ஒதுக்கியது 13,720 கோடி. இலவசம், இலவசம் என்று தொலைக்காட்சியில் ஒவ்வொரு நாளும் விவாதம் நடக்கிறது. அந்தத் தொகைக்கு ஈடான ஏழெட்டு நாள் ராணுவச் செலவைப் பற்றி யாராவது ஒரு மணி நேரம் விவாதித்ததைப் பார்த்திருக்கிறீர்களா?

கணக்கை நேர்மையாக வைக்க வேண்டும். அந்த 6.81 லட்சம் கோடியில் 1,60,795 கோடி ஓய்வூதியம். அது எறிகணை வாங்கப் போவதில்லை. கம்மவான்பேட்டையிலும் அதைப் போன்ற ராணுவத்தார் ஊர்களிலும் ரேஷன் கடைக்கும் பேத்தி கல்லூரிக் கட்டணத்துக்கும் போகிறது. அதைக் குறைக்கச் சொல்ல எனக்கு வாய் வராது. படையே வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. இமயத்தில் நிற்கிறவனுக்கு நல்ல பூட்ஸ் இல்லாமல் போனதால் 1962இல் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியும். உலகம் முழுதும் 2024இல் படைகளுக்குச் செலவிட்டது 2.7 லட்சம் கோடி டாலர் என்று ஸ்டாக்ஹோம் ஆய்வு நிறுவனம் கணக்குச் சொல்கிறது. செலவில் இந்தியா ஐந்தாம் இடம். பக்கத்து வீட்டுக்காரன் வேல் வாங்கினால் நாமும் வாங்கத்தான் வேண்டியிருக்கிறது. வாங்கும்போது எது வாங்காமல் போகிறது என்பதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள் என்கிறேன்.

2001 டிசம்பரில் நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு எல்லையில் படையைக் குவித்தார்கள். பத்து மாதம். போர் நடக்கவில்லை. கண்ணிவெடியிலும் விபத்திலும் 798 வீரர்கள் இறந்ததாக அரசே சொன்னது. அதே குளிர்காலத்தில் தமிழ்நாட்டு நெசவாளர் ஊர்களில் கஞ்சித்தொட்டி திறந்தார்கள். 1782இன் சொல் திரும்பி வந்தது. அந்தப் படைக்குவிப்புதான் நெசவாளர் பசிக்குக் காரணம் என்று சொன்னால் அது பொய். நூல் விலையும் விசைத்தறியும் தேங்கிய சரக்கும் காரணம். ஆனால் ஒரே மாதத்தில், ஒரே நாட்டில், எல்லைக்கு ரயில் ரயிலாகத் தளவாடம் போவதற்கு ஒரு நாளில் முடிவெடுக்க முடிந்தது. தேங்கிய சேலையைக் கொள்முதல் செய்ய முடிவெடுக்க அத்தனை நாள் ஆயிற்று. கஜானாவில் இல்லாதது பணமா, அவசரமா என்று நான் அன்று முதல் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நம்முடைய போராக இல்லாவிட்டாலும் நாம் கட்டுகிறோம். எங்கோ ஒரு நாட்டில் குண்டு விழுந்தால் பயந்த பணம் தங்கத்துக்கும் வெள்ளிக்கும் ஓடும். தங்கமும் வெள்ளியும் ஏறினால் ஜரிகை ஏறும். ஜரிகை ஏறினால் சேலை விலை ஏறும். கடையில் சேலை தங்கினால் முதலாளி அடுத்த பாவைத் தள்ளிப் போடுவார். நெசவாளி தறியில் பாவு இல்லாமல் உட்கார்ந்திருப்பார். உக்ரைன் எங்கே இருக்கிறது என்று தெரியாத ஒரு வீட்டில் உக்ரைன் போருக்கு இரண்டு வாரக் கூலி போயிருக்கும்.

இங்கே கூறை எடுக்க யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் லண்டனிலிருந்தும் டொரன்டோவிலிருந்தும் வருவதுண்டு. ஒருமுறை கடையில் ஓர் அம்மையார் மகளுக்கு அரக்குச் சிவப்பில் சேலை தேடிக்கொண்டிருந்தார். எடுத்துக் காட்டியதையெல்லாம் வேண்டாம் என்றார். கடைசியில், "என்ட கூறை இந்த நிறமில்லை தம்பி, இதைவிடக் கொஞ்சம் கறுப்பு. வீடு விட்டு வெளிக்கிட்ட நேரம் அலுமாரிக்குள்ள விட்டிட்டு வந்தனான்" என்றார். கடைக்காரர் மேலும் இருபது சேலை இறக்கிப் போட்டார். அந்த நிறம் கிடைக்கவில்லை. இலங்கையில் போர் 2009இல் முடிந்தது. 2022இல் அந்த நாடு கடனைத் திருப்ப முடியாமல் கையை விரித்தது. அந்த ஆண்டின் பட்ஜெட்டிலும் சுகாதாரத்துக்கு ஒதுக்கியதைவிடப் பாதுகாப்புக்கு ஒதுக்கியது அதிகம். துப்பாக்கி ஓய்ந்தாலும் அதன் சம்பளப் பட்டியல் ஓய்வதில்லை.

சமூகச் செலவு என்று நான் சொல்வது என்ன என்று மாணவர்கள் கேட்கலாம். என்னையே காட்டுகிறேன்.

கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். மூன்று நாடா ஓடும். தனி ஆள் நெய்ய முடியாது. ஒரு பக்கக் கரைக்கு நாடாவை வாங்கித் திருப்பித் தர பக்கத்தில் ஒரு கை வேண்டும். கூலி ஆள் வைத்தால் கட்டுப்படியாகாது. வீட்டுப் பிள்ளையை உட்கார வைப்பார்கள். நானும் உட்கார்ந்தேன். கரை நாடாவை ஒரு தடவை தவற விட்டால் கோர்வையில் ஓட்டை விழும். அப்பாவின் முழங்கை விலாவில் இடிக்கும். என்னோடு உட்கார்ந்த பையன்களில் சிலர் சொந்தத் தறியில் உட்காரவில்லை. முதலாளியிடம் அப்பா வாங்கிய முன்பணத்துக்கு அடமானமாக உட்கார்ந்தார்கள். இது பழங்கதை இல்லை. 1996இலும் 2003இலும் மனித உரிமைக் கண்காணிப்பகம் கொத்தடிமைக் குழந்தைகள் பற்றி வெளியிட்ட அறிக்கைகளில் காஞ்சிபுரம் இருக்கிறது. நாம் வெட்கப்பட வேண்டிய பக்கங்கள் அவை.

என்னைத் தறியிலிருந்து எழுப்பியது காமராசர் கொண்டுவந்த மதிய உணவு. பள்ளிக்கூடத்துக்குப் போனால் ஒரு வேளைச் சோறு மிச்சம் என்று அம்மா கணக்குப் போட்டார். அப்பா முறைத்தார். அம்மா, "அவன் திங்கிற சோத்துக்குக் கோர்வை வாங்குற கூலி சரியாப் போயிடும், போகட்டும்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. அந்த ஒரு வேளைச் சோற்றுக்கு அரசுக்கு ஆன செலவு சில பைசா. அது இல்லாத ஊர்களில், அது நின்றுபோன ஆண்டுகளில் எத்தனை பேர் பள்ளத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து முதுகு வளைந்தார்கள் என்று எந்தப் பட்ஜெட்டிலும் இருக்காது. குறைத்த செலவு இப்படித்தான், பிள்ளைகளின் உடம்பில் ஏறி நிற்கும்.

கடைசியாக என் சித்தப்பாவைப் பற்றிச் சொல்லிவிட்டு அமர்கிறேன். 1963இல், ராணுவத்துக்கு ஆள் எடுத்த அலையில், அப்பாவின் தம்பி தறியை விட்டுவிட்டு மதராஸ் ரெஜிமென்ட்டில் சேர்ந்தார். இரண்டு போர் பார்த்தார். திரும்பி வந்தபோது ஒரு காது கேட்காது. ஆனால் மாதம் பிறந்தால் ஓய்வூதியம் வந்தது. ராணுவ ஆஸ்பத்திரியில் மருந்து கிடைத்தது. அப்பா அதே ஆண்டுகளில் நெய்தது எத்தனை சேலை என்று கணக்கில்லை. அறுபது வயதில் கண் மங்கியது, இழை தெரியவில்லை. தனியார் முதலாளியிடம் நெய்தவர், சங்கத்தில் உறுப்பினர் இல்லை. அவருக்கு எதுவும் வரவில்லை.

சித்தப்பா மாதம் முதல் வாரம் சாயங்காலமாக வருவார். காபி குடிப்பார். போகும்போது, நெய்யாமல் கிடந்த தறியின் பலகைமேல் மடித்த நோட்டுகளை வைத்து, பறக்காமல் இருக்க மேலே ஒரு நாடாவை வைத்துவிட்டுப் போவார். அப்பா அந்தப் பக்கம் திரும்ப மாட்டார். தெருக்கோடிக்கு சித்தப்பா போன பிறகு அம்மாதான் போய் எடுப்பார். அப்போதும் அம்மா காதில் வேப்பங்குச்சிதான் இருந்தது.